பிறவியிலேயே வந்த அன்பு, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, கோயில் வீதியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மம்மாமாரே, அவர்கள் மடியில் இன்னும் நித்திரை கொள்ளாத பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கு மிருகங்கள் மேல் வரும் அன்பு பிறவியிலேயே வருவதா, வளர்ப்பால் வருவதா என்பது இன்றைய கேள்வி. பிறவியிலேயே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தம்பி, "சின்னப் பிள்ளை பூனையின் வாலை இழுக்கிறது, தும்பியின் வாலில் நூல் கட்டுகிறது, நாங்கள் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அன்பு வருகிறது" என்றார். நல்ல கைதட்டலும் விழுந்தது. சரி, அதையே முதலில் எடுப்போம்.

நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு முன்பள்ளியில் பன்னிரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். போன மாரிக்கு முன்னம் பள்ளி வளவில் ஒரு கோழி குஞ்சு பொரித்தது. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் ஒரு குஞ்சைப் பிடித்து நெஞ்சோடு அமத்தி வைத்திருந்தான். குஞ்சு கீச்சிடுகிறது, கண் செருகுகிறது. நான் சத்தம் போட்டிருந்தால் பயத்தில் இன்னும் இறுக்கியிருப்பான். பக்கத்தில் குந்தி, அவனுடைய பெருவிரலை மட்டும் மெல்லத் தூக்கிவிட்டேன். "அது மூச்செடுக்கட்டும் மனே" என்றேன். மற்ற நாலு விரலையும் அவனே விரித்தான். உள்ளங்கையைச் சிரட்டை மாதிரிக் குழித்து, குஞ்சின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றான்.

நான் அங்கே சொல்லிக்கொடுத்தது விரலின் பலத்தைத்தான். குஞ்சை நெஞ்சில் வைக்கச் சொன்னது நானில்லை. இதே பிள்ளை தாயின் தோட்டையும் பிடித்து இழுக்கிறான். அதற்காகத் தாயில் அவனுக்கு அன்பில்லை என்று தம்பி சொல்வாரா?

அப்படியென்றால் பயமும் அருவருப்பும் எங்கிருந்து வருகின்றன? நம் வாயிலிருந்துதான். "கிட்டப் போகாத, கடிக்கும்." "பூனையைத் தூக்காத, முட்டு வரும், மூச்சு இழுக்கும்." சோறு தீத்தும்போதே இதையும் சேர்த்துத் தீத்துகிறோம். அமெரிக்காவில் ஜோன் வாட்சன் என்ற உளவியலாளர் 1920 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைக்கு வெள்ளெலி, முயல், நாய் எல்லாம் காட்டினார்கள். குழந்தை பயப்படவேயில்லை. பிறகு, அந்தக் குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் துண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில நாட்களில் எலியைக் கண்டாலே அழுதது. அதோடு நிற்காமல் முயலைக் கண்டும் அழுதது. அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு குழந்தைக்குச் செய்யக்கூடாத கொடுமை அது. ஆனால் கை முதலில் எலியை நோக்கித்தான் நீண்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

2013 இல் வனெசா லோபூ என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளை, நல்ல நல்ல விளையாட்டுச் சாமான்களும் கூட்டுக்குள் உயிருள்ள பிராணிகளும் இருந்த அறையில் விட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் அதிக நேரம் நின்றது உயிருள்ளவற்றின் பக்கம்.

நம் ஆபுத்திரனை நினைத்துப் பாருங்கள். மணிமேகலையில் வருகிற பிள்ளை. வேதம் ஓதும் வீட்டில் வளர்ந்தவன். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவைக் கண்டு மனம் பொறுக்காமல் இரவோடு இரவாக அதைக் கூட்டிக்கொண்டு போனான். பிடித்து அடித்தார்கள். வளர்ப்புத்தான் அன்பைத் தருமென்றால், அந்த ஊர் வளர்ப்பு அவனை வேள்வி செய்பவர்களுக்குப் பக்கத்தில் அல்லவா உட்கார வைத்திருக்கவேண்டும்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். யானைக்குப் பயப்படத்தான் வேண்டும். வேலியும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். யானையால் ஆளை இழந்த வீட்டார் இந்தச் சபையிலேயே இருக்கக்கூடும். அவர்கள் முன்னால் நான் லேசாகப் பேசமாட்டேன். என் அக்கா வீடும் எல்லைக் கிராமத்தில்தான். வெட்டின நெல்லை வீட்டுக்குள் அடுக்கி மூன்றாம் நாள் இரவு, யானை குசினிச் சுவரைத் தள்ளி மூட்டையை இழுத்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் ஓடித் தப்பினார்கள். விடிய நான் போனபோது அத்தான் கல்லுக் குவியலுக்கு முன்னால் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். அக்கா அழுது சாபம் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரே வந்து யானையைத் திட்டிக்கொண்டு நின்றது.

அக்காவின் நாலு வயது மகள், இடிந்த சுவரில் ஒட்டியிருந்த சேற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என் சீலையை இழுத்தாள். "சின்னம்மா, ஆனைக்குத் தலை நொந்திருக்குமா?"

நடுவர் அவர்களே, அந்த வீட்டில், அந்தக் காலையில், இந்தக் கேள்வியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எதிரணியினர் எழுந்து பதில் சொல்லட்டும்.