நாக்கை நீட்டச் சொன்னதுக்கே சனல் காசோ?

வணக்கம், பின்னால நிக்கிற ஆக்கள் முன்னுக்கு வந்து இருங்கோ, கதிரை கிடக்கு, இந்த வெள்ளவத்தைப் பஸ் சத்தத்துக்க அங்க நிண்டா ஒண்டும் கேக்காது.

எங்கட பிளட்டில இருக்கிற மாமா ஒராள் போன மாசம் என்னை லிஃப்டுக்குள்ள பிடிச்சிட்டார். "தம்பி, காசு கட்டி சனல் பண்ணிப் போனா, அந்த டொக்டர் ஸ்கேனும் எழுதேல்ல ஒரு மண்ணும் எழுதேல்ல, பல்லைக் காட்டு, நாக்கை நீட்டு, விரலைப் பார் எண்டு விளையாடிட்டு விட்டவர்" எண்டு ஒரே புறுபுறுப்பு. அவருக்குப் பிரச்சினை என்னண்டா படி இறங்கேக்க ஒரு படி ரெண்டாத் தெரியுது. அந்த விளையாட்டைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

மூளையில இருந்து முகம், கண், காது, தொண்டைக்கெண்டு நேரா வாற நரம்பு 12 சோடி, 1778ல சோமரிங் எண்ட ஜெர்மன்காரர் போட்ட நம்பரைத்தான் இப்பவும் பாவிக்கிறம். பன்னிரண்டையும் சொன்னா நித்திரையாகிடுவீங்கள், கொஞ்சம் மட்டும் சொல்லுறன்.

1ஆவது மண நரம்பு. கண்ணை மூடி ஒரு மூக்கைப் பொத்திக்கொண்டு கோப்பித்தூளை மணக்கச் சொல்லுவம். சித்தாலேப மாதிரிப் பூசுற தைலம் குடுக்கக்கூடாது, அந்தச் சுள்ளெண்ட எரிவை கொண்டுபோறது 5ஆம் நரம்பு, மணமே தெரியாத ஆளும் ஓம் தெரியுது எண்டிடுவார்.

இப்ப எல்லாரும் புருவத்தை மேல தூக்குங்கோ. ஆ, நெத்தியில கோடு விழுதெல்லோ, அது 7ஆம் நரம்பு. வாய் கோணினவுடனே எங்கட ஆக்கள் பஸ் ஜன்னல் காத்துப் பட்டிட்டுது எண்டுவினம். இந்த நரம்பு காதுக்குப் பக்கத்தில எலும்புக்குள்ள ஒரு ஒடுக்கமான குழாய்க்குள்ளால வருது, அதுக்குள்ள வீங்கினா நசிபட்டு அரைமுகமும் விழும், நெத்தி சுருங்காது, கண் மூடாது, பெல்ஸ் பால்சி எண்டுறது இதைத்தான். ஸ்ட்ரோக் எண்டா பெரும்பாலும் வாய் கோணும் ஆனா நெத்தி சுருங்கும், ஏனெண்டா நெத்திக்கு மூளையின்ர ரெண்டு பக்கத்தாலயும் கட்டளை வருது, ஒரு பக்கம் போனாலும் மற்றப்பக்கம் சமாளிக்கும். இதைக் கேட்டிட்டு வீட்டில கண்ணாடி பாத்து நீங்களே முடிவெடுத்துக்கொண்டு இருக்கிறேல்ல, திடீரெண்டு வாய் கோணினா உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. பெல்ஸ் பால்சியாவே இருந்தாலும் ஸ்டீராய்ட் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்லம், மூடாத கண் காயாமலும் பாக்கவேணும்.

நாக்கு 12ஆவது. நீட்டேக்க அது பழுதான பக்கம் சரியும், நல்ல பக்கம் தள்ளுறதால. உள்நாக்கு அதுக்கு மாறி, ஆ எண்டு சொல்ல நல்ல பக்கம் இழுபடும். படிக்கிற காலத்தில நான் இதை மாத்திச் சொல்லி வோர்ட்டில எல்லாருக்கும் முன்னால பேச்சு வாங்கினனான்.

கண்ணை அசைக்கிறது 3, 4, 6. இமை விழுந்து கண்மணியும் விரிஞ்சு கிடந்தா மூளைக்குள்ள ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி 3ஆம் நரம்பை அமத்துதோ எண்டு பயப்பிடவேணும், அதுக்கு ஒரு டோர்ச் காணும், ஆனா அண்டைக்கே ஸ்கேன். 4ஆவது இருக்கிறதுக்குள்ள மெல்லிசு, கண்ணை உள்பக்கமாக் கீழ இறக்கிறது அதின்ர வேலை, அது பிசகினா படி இறங்கேக்கயும் பேப்பர் வாசிக்கேக்கயும் ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு தெரியும்.

மாமாவுக்கு இதுதான். இடக்கண் நரம்பு பிறப்பிலயே கொஞ்சம் பலவீனமாம், தலையைச் சரிச்சுச் சரிச்சு இவ்வளவு காலமும் சமாளிச்சிருக்கிறார், வயசு போக ஏலாமப் போட்டுது. டொக்டர் கடைசியாக் கேட்டது பழைய படம். வீட்ட போய் கலியாண அல்பத்தைத் திறந்து பாத்தா எல்லாப் படத்திலயும் தலை வலப்பக்கம் சரிஞ்சுதான் கிடக்கு, மாமி நாப்பது வருசமா அதை வெக்கம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா.