எந்த வயதைக் கேட்கிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கும் பாறாங்கற்களைப் பார்க்காதவர் வடசென்னையில் இருக்க முடியாது. அவற்றில் கருநீலமாக, எண்ணெய்ப் பசையோடு மினுங்கும் கல் ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் சார்னகைட்டாக இருக்கும். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அந்தக் கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை வரைக்கும் அது போயிருக்கிறது.

இதற்கு வயது என்ன என்று கேட்டால் சுமார் 250 கோடி ஆண்டு என்பார்கள். ஜிர்கான் என்ற கனிமத்தில் எவ்வளவு யுரேனியம் ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து சொல்கிற கணக்கு அது. அதே கல்லிலிருந்து அபடைட் என்ற இன்னொரு கனிமத்தைப் பிரித்தெடுத்து, வேறொரு வழியில் வயது பார்த்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. மிக இளமையாக வரும். இரண்டு கணக்கும் சரிதான். இன்றைக்கு அந்த இரண்டாவது கணக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

அபடைட் என்பது கால்சியம் பாஸ்பேட். உர ஆலைகளுக்கு வரும் ராக் பாஸ்பேட்டில் முக்கியமான சரக்கு அதுதான். நம் பல்லின் எனாமலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கிரானைட், சார்னகைட் போன்ற பாறைகளில் அபடைட் பொடிப்பொடி மணிகளாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் சிதறிக் கிடக்கும். அதற்குள் துளியூண்டு யுரேனியமும் உண்டு.

யுரேனியம் 238 வழக்கமாக ஆல்பா துகளை வெளியேற்றித்தான் சிதையும். ஆனால் ஏறக்குறைய இருபது லட்சம் தடவைக்கு ஒரு தடவை, யாரும் தூண்டாமலே அணுக்கரு இரண்டாகப் பிளந்துவிடும். அந்தத் துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாய்கிற பாய்ச்சலில், வழியில் இருக்கும் படிக அடுக்கு குலைந்து ஒரு கோடு விழும். இதுதான் பிளவுத் தடம், ஃபிஷன் டிராக். புதிதாக விழும்போது நீளம் சுமார் 16 மைக்ரான். தலைமுடியின் பருமனில் கால் பங்குதான். அகலமோ சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படவே அகப்படாது.

அதைக் கண்ணுக்குக் காட்டும் வேலை அமிலத்துடையது. 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஃபிளைஷர், பிரைஸ், வாக்கர் என்ற மூவர் இந்த வித்தையை வளர்த்து, கனிமங்களுக்கு வயது சொல்லும் முறையாக்கினார்கள். செய்முறை கேட்க எளிது. சில கிலோ பாறையை இடித்து, சலித்து, காந்தத்தால் இரும்புச் சத்துள்ளதை ஒதுக்கி, புரோமோஃபார்ம் போன்ற கனத்த திரவத்தில் போடவேண்டும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற லேசான கனிமங்கள் மிதக்கும், அபடைட் அடியில் தங்கும். அந்த மணிகளை எபாக்ஸி பிசினில் பதித்து, கண்ணாடிபோல் பாலிஷ் செய்து, நைட்ரிக் அமிலத்தில் 20 விநாடி முக்கி எடுப்பார்கள். அமிலத்தின் வெப்பம் 21 டிகிரியில் நிற்க வேண்டும். மே மாதத் தண்டையார்பேட்டையில் ஏசி இல்லாமல் நடக்கிற காரியமில்லை! குலைந்த இடத்தை அமிலம் சீக்கிரம் அரித்துவிடுவதால், ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது தடங்கள் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும்.

காலம் ஆக ஆகத் தடங்கள் கூடும். ஆனால் அவற்றை எண்ணினால் மட்டும் வயது வந்துவிடாது, அந்த மணியில் எவ்வளவு யுரேனியம் என்றும் தெரிய வேண்டும். பழைய முறையில் மணிகளின்மேல் ஒரு மைக்கா தகட்டை ஒட்டி அணுஉலைக்கு அனுப்புவார்கள். நியூட்ரான் பட்டு யுரேனியத்தின் இன்னொரு வகையான யுரேனியம் 235 பிளக்கும், அதன் தடங்கள் மைக்காவில் பதியும். இப்போது லேசரால் சுரண்டி நேரடியாக அளந்துவிடுகிறார்கள். வேகமான வேலை. ஆனாலும் எனக்கு மைக்கா தகட்டின்மேல் ஒரு பிரியம். மணிக்குள் யுரேனியம் எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று அப்படியே படம்பிடித்துக் கொடுத்துவிடும்.

சரி, வயது ஏன் இளமையாக வருகிறது? விழுந்த தடம் நிரந்தரமில்லை. சூட்டில் அணுக்கள் மறுபடி தத்தம் இடத்துக்குத் திரும்ப, தடம் இரு முனையிலிருந்தும் குறுகும். தோசை மாவு மே மாதத்தில் சில மணி நேரத்தில் புளித்துவிடும், மார்கழியில் விடிய விடிய ஆகும் இல்லையா, அதேபோல இங்கேயும் சூடும் காலமும் சேர்ந்துதான் கணக்கு. பல லட்சம் ஆண்டு என்று எடுத்துக்கொண்டால், 120 டிகிரி அளவுக்கு மேல் அபடைட்டில் தடம் தங்காது. 60 டிகிரிக்குக் கீழே பெரிதாகக் குறுகாது. இடைப்பட்ட சூட்டில் பாதி அழிந்தும் அழியாமலும் நிற்கும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி ஏறும் என்பதால், இது தோராயமாக 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்துச் சமாச்சாரம். சார்னகைட்டோ அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் உருவான கல். மேலே மூடியிருந்த பாறையெல்லாம் அரித்துக் கடலுக்குப் போன பிறகுதான், அதன் அபடைட்டில் தடங்கள் தங்கத் தொடங்கின.

என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட நீளம்தான் சுவாரசியம். ஒரே வயது காட்டும் இரண்டு கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கிட்டத்தட்ட எல்லாத் தடமும் 14, 15 மைக்ரான் இருந்தால், அது சட்டென்று மேலே வந்து ஆறிய கல். இன்னொன்றில் நெட்டையும் குட்டையும் கலந்து கிடந்தால், அது இடையில் மறுபடி புதைந்து சூடாகியிருக்கலாம், இல்லையென்றால் நெடுங்காலம் அந்த இடைச் சூட்டிலேயே கிடந்திருக்கலாம். அப்போது அந்த வயது எந்த ஒரு சம்பவத்தின் தேதியும் இல்லை. செய்தித்தாளில் 'பாறையின் வயது' என்று ஒற்றை எண்ணைப் போடும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. பூமிக்குள் எண்ணெய் விளைகிற வெப்பமும் ஏறத்தாழ இதே 60லிருந்து 120 டிகிரிதான். அதனால் எண்ணெய் தேடுகிறவர்களுக்கு அபடைட் பெரிய உதவி. ஆஸ்திரேலியாவின் ஆட்வே படுகையில் கிளீடோ, டடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆழ்துளைக் கிணற்று மாதிரிகளை எடுத்துப் பார்த்து, 1981இல் வெளியிட்டார்கள். ஆழம் கூடக்கூட வயது குறைந்துகொண்டே போய், சுமார் 125 டிகிரியில் பூஜ்யமாகிவிட்டது. இன்று 70 டிகிரியில் இருக்கும் ஒரு மணற்கல் ஒரு காலத்தில் 110 டிகிரி பார்த்திருக்கிறது என்று தடங்கள் சொன்னால், அங்கே எண்ணெய் எப்போதோ விளைந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தேக்கி வைக்கும் பாறை மடிப்பு அதற்குப் பிறகு உருவாகியிருந்தால், தோண்டினாலும் காசுதான் வீண்.

எல்லா அபடைட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் கூடுதலாக உள்ள மணியில் தடம் அதிகச் சூட்டையும் தாங்கும், ஃபுளோரின் மிகுந்ததில் சீக்கிரம் அழியும். அதனால் ஒவ்வொரு மணியின் ரசாயனத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். 120 டிகிரிக்கு மேலே நடந்ததைக் கேட்க வேண்டுமென்றால் ஜிர்கானில் விழுந்த தடங்களிடம் போகவேண்டும். அவை 200 டிகிரியைத் தாண்டியும் நிற்கும்.

நன்றி, வணக்கம்.