ஊட்டி ஸ்டீபன் சர்ச்: கூரையில் இருப்பது திப்புவின் அரண்மனை மரமா?

வணக்கம். ஊட்டியைப் பற்றிய போன வீடியோவில் செயின்ட் ஸ்டீபன் சர்ச்சை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அதைப் பார்த்த ஒரு நேயர் கேட்கிறார்: "திப்பு சுல்தான் அரண்மனையை இடித்த மரத்தில்தான் அந்தச் சர்ச்சைக் கட்டினார்கள் என்று எங்கள் டாக்சி டிரைவர் சொன்னார். நம்பலாமா? அப்புறம், நீங்கள் ஆங்கிலிகன் சர்ச் என்கிறீர்கள், ஆனால் அது சி.எஸ்.ஐ. சர்ச் ஆயிற்றே, எது சரி?"

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். டிரைவர் சொன்னது சரிதான். ஆனால் எந்த அரண்மனை என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். திப்புவின் தலைநகராக இருந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுற்றுலா போனால் தரியா தௌலத் பாக் என்று ஒரு கோடைக்கால மாளிகையைக் காட்டுவார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் நிற்கிறது. சர்ச்சுக்கு மரம் வந்தது லால் மஹாலிலிருந்து. அது கோட்டைக்குள் திப்பு குடியிருந்த அரண்மனை. 1799 மே 4-ஆம் தேதி கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது, திப்புவும் அன்றைக்கே சண்டையில் இறந்தார். அரண்மனையைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள். இப்போது போனால் ரங்கநாதர் கோயில் பக்கத்தில் அதன் அடித்தளம்தான் மிச்சம்.

சரி, ஊட்டி முழுக்க மரமாக இருக்கும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும்? நானும் முதலில் இப்படித்தான் யோசித்தேன். இன்று ஊட்டியில் நாம் பார்க்கிற யூகலிப்டஸ் மரமெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நீலகிரிக்கு அது வந்ததே 1840-களில்தான். 1829-இல் சர்ச் கட்டத் தொடங்கியபோது அங்கே இருந்தது புல்வெளியும் சோலைக்காடும். சோலை மரம் குட்டையாக, காற்றுக்கு வளைந்து, முறுக்கிக்கொண்டு வளரும். ஒரு பெரிய கூடத்துக்கு நேரான, நீளமான உத்திரம் அதில் கிடைப்பது கஷ்டம். ரயிலும் கிடையாது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். அதனால் அத்தனை மரத்தையும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாக இழுத்து வந்து, ஏழாயிரம் அடிக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். யானைகளைக் கட்டி இழுத்ததாகச் சொல்வார்கள். அந்த வேலை செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அடிக்கல் நாட்டியவர் பெயர் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

அவர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன், அப்போதைய மதராஸ் கவர்னர். 1829 ஏப்ரல் 23-ஆம் தேதி கல் நாட்டினார். நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் அன்று நாட்டியதாகப் பல இடங்களில் எழுதியிருக்கும். மன்னர் உண்மையில் பிறந்தது ஆகஸ்ட் 12. ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள். மன்னர் பெயரும் அதுவே என்பதால் அவர் பிறந்தநாளையும் அன்றைக்கே அரசாங்க முறையில் கொண்டாடினார்கள்.

சர்ச்சுக்கு 'ஸ்டீபன்' என்று பெயர் வைத்ததற்கும் கவர்னர் பெயருக்கும் முடிச்சுப் போடுவார்கள். இருக்கலாம். ஆனால் ஸ்டீபன் என்பவர் பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் வருகிற முதல் இரத்தசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக முதலில் உயிரைக் கொடுத்தவர். நம் தமிழ் பைபிளில் ஸ்தேவான். கத்தோலிக்கர்கள் அவரை முடியப்பர் என்பார்கள். ஸ்தெபனோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது கிரீடம். யாரோ ஒருவர் எவ்வளவு அழகாகத் தமிழாக்கியிருக்கிறார் பாருங்கள்! முடியப்பன் என்று நம்மூரில் பெயர் வைத்திருப்பவர்களில் பலருக்கே தாங்களும் ஸ்டீபன்தான் என்பது தெரியாது.

கட்டட வரைபடம் ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட் போட்டது. செலவு சுமார் 24,000 ரூபாய். கட்டி முடித்ததும் கதவைத் திறந்து ஆராதனை நடத்திவிட முடியாது. ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்து திருச்சபை முறையில் பேராயர் வந்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். மதராஸுக்கென்று தனிப் பேராயர் 1835-இல்தான் வருகிறார். அதுவரை இந்தியா முழுமைக்கும் ஒரே ஆள், கல்கத்தா பேராயர். 1830 நவம்பர் 5-இல் கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர் இந்த மலைக்கு வந்து பிரதிஷ்டை செய்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அவருக்கு முன்னால் இருந்த மூன்று கல்கத்தா பேராயர்களும் பதவிக்கு வந்து சில ஆண்டுகளிலேயே இறந்தவர்கள்தான். அதில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறதல்லவா, அந்த ரெஜினால்ட் ஹீபர். திருச்சிக்கு வந்த இடத்தில் குளிக்கப் போய் 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி இறந்தார். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஸ்டீபன் சர்ச் மக்களுக்குத் திறந்தது. இரண்டு தேதியும் ஒன்று என்று கவனித்தபோது எனக்கு மனம் கொஞ்சம் கனத்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலிகன், சி.எஸ்.ஐ. இரண்டுமே சரி. கட்டிய நாளிலிருந்து அது இங்கிலாந்து திருச்சபையின் ஆலயம். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரத்தில், தென்னிந்திய ஆங்கிலிகன் சபைகளும் மெதடிஸ்ட் சபையும், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் முன்பே சேர்ந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகிச் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, உருவானது. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் நடந்தது. பேராயர் உள்ள சபையும் பேராயரே வேண்டாம் என்ற சபையும் கைகோத்தது உலகத் திருச்சபை வரலாற்றிலேயே பெரிய விஷயம். நாம்தான் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஸ்டீபன் சர்ச்சும் அந்த வழியில் சி.எஸ்.ஐ. ஆலயம் ஆனது. இன்றும் சபை கூடுகிறது. அதனால் ஞாயிறு காலையில் போகிறவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆராதனை முடியும்வரை பொறுத்திருங்கள்.

போனால் என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வண்ணக் கண்ணாடி ஜன்னலையும், மேற்குச் சுவரில் இருக்கிற இயேசுவின் கடைசி இராப்போஜன ஓவியத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் போனபோது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுப்போன ஒருவருடைய வீட்டை இப்போது ஜெப வீடு ஒன்று தலைக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. உள்ளே வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும்.

அப்புறம், பின்பக்கக் கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் ஏறிப் போங்கள். சரிவு, பாசி வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டுகளில் வயதைப் படித்துக்கொண்டே போங்கள். உடம்பு தேறும் என்று மலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளும் இளம் பெண்களுமாக அங்கே படுத்திருக்கிறார்கள். ஊட்டியை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டா, மகள் ஹாரியட் இருவரும் அங்கேதான். சல்லிவனுக்கும் சர்ச்சுக்குக் கல் நாட்டிய லஷிங்டனுக்கும் ஒத்துப்போனதில்லை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுடைய நில உரிமையை மதிக்க வேண்டும் என்று வாதாடியவர் சல்லிவன். லஷிங்டன் காலத்தில் மலை நிர்வாகம் சல்லிவன் கையைவிட்டுப் போனது. அப்படிப்பட்டவர், லஷிங்டன் எழுப்பிய ஆலயத்தின் தோட்டத்தில் தன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அவர் இறந்தது 1855-இல். இங்கிலாந்தில், ஸ்லௌ பக்கம் அப்டன் என்ற இடத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.