ஸ்டோனும் நம்மூர் ஆய்வகப் பூட்டும்

(தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அவசர வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, நூலகர் அம்மா அவர்களே, காசு வாங்காமல் மைக் கட்டித் தந்த தம்பி, பின்வரிசையில் நிற்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னை விஞ்ஞானி என்றார்கள். நான் இயற்பியல் வாத்தியார், அவ்வளவுதான். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அந்தப் பணத்தில் ஒரு திருகு அளவி வாங்குங்கள், நானே வந்து பள்ளியில் கொடுக்கிறேன்.

எட்வர்ட் ஸ்டோன் என்ற அமெரிக்க இயற்பியலாளரைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். அவர் படித்த காலம், தொலைதூரக் கோள்களைப் பார்க்கப் போன வாயேஜர் என்ற இரட்டை விண்கலங்களின் காலம், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த காலம். தலைவர் ஐயா இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிந்தவரை சொல்கிறேன்.

ஸ்டோன் 1936இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் என்ற ஊரில் வளர்ந்தார். அப்பா கட்டட வேலை மேற்பார்வையாளர். எதையும் கழற்றிப் பார்ப்பது, திரும்பப் பூட்டுவது, இதுதான் அப்பா பிள்ளைக்குக் கொடுத்த சீதனம். சித்திரமும் கைப்பழக்கம் என்றாள் நம் ஔவை. பள்ளி முடித்ததும் அவர் சேர்ந்தது உள்ளூர் ஜூனியர் கல்லூரி. அங்கிருந்துதான் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1957இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தது. நான்கே ஆண்டில், 1961இல், அவருடைய கருவி ஒரு செயற்கைக்கோளில் ஏறிவிட்டது. விண்வெளியிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்ந்துவரும் அணுக்கரு துகள்களை, அதாவது அண்டக் கதிர்களை, அளக்கும் கருவி. இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

1964இல் கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். 1972இல், 36 வயதில், வாயேஜர் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார். சொந்த ஆராய்ச்சி கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கினாராம். பதினொரு அறிவியல் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தன் கருவிதான் உசத்தி. விண்கலம் கோளைக் கடக்கும் சில மணி நேரத்தில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு பிரிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு வாய்க்கால் தண்ணீரைப் பங்கு பிரித்தவர்களுக்குத் தெரியும் அந்த வேலை!

இப்போது ஒரு கதை. அவசரமில்லை, தலைவர் ஐயா டீ குடிக்கட்டும். 1973 டிசம்பரில், வாயேஜருக்கு முன்னோடியாகப் போன பயனியர் 10 விண்கலம் வியாழனைக் கடந்தது. அங்கே இருந்த கதிர்வீச்சு, போட்ட கணக்கைவிடக் கடுமை. வாயேஜரின் வெளிக் கம்பிகளுக்குக் கவசம் வேண்டும் என்று தெரிந்தபோது, கலம் புறப்பட அதிக நாளில்லை. முறையான பொருளுக்கு ஆர்டர் போட்டால் வந்து சேராது. பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நேரே கடைக்குப் போனார்கள். நம் வீட்டில் சப்பாத்தி சுற்றுகிறோமே, அதே அலுமினியத் தாள். சுருள் சுருளாக வாங்கினார்கள். பில் போட்டவர் ஏதோ கல்யாண விருந்து என்று நினைத்திருப்பார். சுத்தம் செய்து, பட்டை பட்டையாக வெட்டி, கம்பியில் சுற்றினார்கள். தாய்மார்களே, உங்கள் சமையலறைச் சாமான் சனிக் கோளைத் தாண்டிப் போயிருக்கிறது! புத்தகம் மட்டும் படித்தவனுக்கு அந்த யோசனை வருமா? சித்திரமும் கைப்பழக்கம்.

1977இல் இரண்டு கலங்களும் கிளம்பின. 1979இல் வியாழனின் அயோ நிலவில் எரிமலை கண்டார்கள். பூமிக்கு வெளியே குமுறும் எரிமலையை மனிதன் பார்த்தது அதுவே முதல் முறை. யுரேனஸ், நெப்டியூன் எல்லாம் முடிந்தது 1989இல். ஸ்டோன் விடவில்லை. 2012 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 1 இருந்த இடத்தில் சூரியனிலிருந்து வரும் துகள்கள் சட்டென்று வற்றின. அண்டக் கதிர்கள் ஏறின. காட்டிக்கொடுத்தது எது? மாணவனாக இருந்தபோது எதை அளந்தாரோ, அதே அண்டக் கதிரை அளக்கும் கருவி. சூரியனின் ஆட்சி எல்லையைத் தாண்டியாயிற்று என்று பலர் துள்ளினார்கள். ஸ்டோன் துள்ளவில்லை. காந்தப்புலத்தின் திசை எதிர்பார்த்தபடி மாறவில்லையே என்றார். சுற்றியுள்ள மின்துகள்களின் அடர்த்தி நாற்பது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று வேறொரு கருவி காட்டிய பிறகே, 2013 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2022 வரை, ஐம்பது ஆண்டு, அதே பொறுப்பு. 2024இல், 88 வயதில் காலமானார்.

மூன்றாவது செய்தி, 1991 முதல் 2001 வரை அவர் இயக்குநராக இருந்தது. செவ்வாயில் குட்டி ஊர்தி ஓடியது அப்போதுதான். அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன். ஏனென்றால் நகர்மன்றத் தலைவர் அம்மா இங்கே இருக்கும்போதே ஒன்று சொல்லியாக வேண்டும்.

அம்மா, ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். அங்கே இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. கதவில் பூட்டும் இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் திறக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் அலைவு நேரம் அழகாக எழுதியிருக்கும். எழுதிய பிள்ளை ஊசலைத் தொட்டிருக்க மாட்டாள். வெர்னியர் அளவிகள் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் பீரோவில் கிடக்கின்றன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். உடையட்டும் ஐயா! ஔவை வாக்கை நான் மூன்றாம் முறை சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், சிரியுங்கள், சித்திரமும் கைப்பழக்கம்தான்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். ஆய்வக உதவியாளர் பணியிடம் நிரப்பப்படும் வரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் முறைவைத்து வந்து உட்காருகிறோம், சம்பளம் வேண்டாம். உடைந்ததற்கு ஈடு கட்ட வணிகர் சங்கத்துப் பெரியவர்கள் ஒரு சிறு நிதி வைக்க வேண்டும். முன்வரிசையில் தலையசைத்ததை நான் பார்த்துவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

மனு நூலகர் அம்மா மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது வார்டு எண்ணையும் எழுதுங்கள், போன தடவை அது இல்லை என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். பேனா கட்டி வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.