ஒரு ‘க்’குக்காக ஒன்பது நாள்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். அவ்ளோதான், அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க.

நிம்மதி தர்றது எதையும் குறையே இல்லாம முடிக்கணும்ங்கிற பிடிவாதமா, ‘இது போதும்’ங்கிற மனசா? நான் போதும் பக்கம். ஏன்னு கேட்டா, உங்கள எங்க தாய்மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.

மாமாவுக்கு எல்லாம் பர்ஃபெக்டா இருக்கணும். பொண்ணு கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வருது, கண்ணாடியப் போட்டுட்டு உக்காந்தாரு. முதல் நாள் பிள்ளையார் தும்பிக்கை சரியில்ல. ரெண்டாம் நாள் மஞ்சள் கலர் மங்கல். மூணாம் நாள்தான் வந்துச்சு வெனை. ‘வாழ்த்துகள்’னு போடணுமா, ‘வாழ்த்துக்கள்’னு போடணுமா? மூணு தமிழ் வாத்தியாருக்கு போன் போட்டாரு, நாலு பதில் வந்துச்சு! பிரஸ்காரர் ‘க்’க எடுக்குறாரு, மாமா போடச் சொல்றாரு, போட்டா எடுக்கச் சொல்றாரு. ஒன்பது நாள் ஐயா, ஒத்த ‘க்’குக்கு! அந்தப் பிரஸ்காரர் கடைசியில கண்ணு கலங்கி, “அண்ணே, அந்த வார்த்தையே வேண்டாம், ‘ஆசி’ன்னு போட்டுக்குவோமே”ன்னாரு. மாமா விட்டாரா? ஆசிக்கு எந்த ‘சி’ன்னு சந்தேகம் வந்துருச்சு அவருக்கு!

பத்திரிகை வந்துச்சு. ஒரு பிழை கிடையாது, கண்ணுல ஒத்திக்கலாம். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் வந்துச்சு.

இன்னைக்கும் நானூறு பத்திரிகை மாமா வீட்டுப் பரண்ல பிழையில்லாம இருக்கு, பேத்தி அதோட பின்பக்கம் கணக்குப் போட்டுப் பழகுறா. அவ போடுற கணக்குல நிறைய தப்பு, அது வேற விஷயம்.

இப்ப எதிரணித் தம்பிக்கு வர்றேன். போற போக்குல ஒரு குத்து வச்சாரு பாருங்க, “ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கும்போது டாக்டர் வந்து ‘ஏதோ தைச்சிருக்கேன், இது போதும்மா’ன்னா அக்கா சும்மா இருப்பாங்களா?”ன்னு. கைதட்டல் பிச்சுக்கிச்சு, நானும் தட்டினேன். தம்பி, நல்ல இடத்துலதான் கைய வச்சிருக்கீங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல ஆபரேஷன் தியேட்டருக்குன்னே ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு, மொத்தம் 19 அயிட்டம். மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, ஆள வெளிய கொண்டுபோறதுக்கு முன்னாடின்னு மூணு தடவ நிப்பாட்டிக் கேட்பாங்க, பேஷன்ட் பேரு என்ன, எந்த இடத்துல ஆபரேஷன், ஊசி, பஞ்சு எல்லாம் எண்ணிக்கை சரியா இருக்கா. எதுக்கு? எவ்ளோ பெரிய சர்ஜனா இருந்தாலும் மனுஷன் மறப்பான்னு ஒத்துக்கிட்டதாலதான் தம்பி! கேட்க வேண்டியதக் கேட்டாச்சுன்னா கத்திய எடுத்துரணும், 20ஆவதா ‘க் வேணுமா’ன்னு ஒரு கேள்வி அதுல கிடையாது. எங்க மாமா சர்ஜனா இருந்திருந்தாருன்னு வைங்க, பேஷன்டுக்கு மயக்கம் தெளிஞ்சு, எந்திரிச்சு உக்காந்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?”ன்னு கேட்டிருப்பாரு.

மாமாவச் சொல்லிச் சிரிக்கிறேன், நான் மட்டும் என்ன, அதே ரத்தம்தானே. ஆபீஸ்ல ஒரு மெயில பதினாலு தடவ படிச்சுட்டு அனுப்புவேன், அப்புறம் சென்ட் ஐட்டத்துல போய் பதினஞ்சாவது தடவ படிப்பேன்.

போன மார்கழி ஊருக்குப் போயிருந்தேன். எங்க அம்மாவுக்கு இப்ப கை நடுங்குது. ஒரு காலத்துல தெருவே நின்னு பாக்கும் அவங்க புள்ளிக் கோலத்த. அன்னைக்கு விடியக்காலைல ஏழு புள்ளிதான் வச்சிருந்தாங்க, அதுலயும் ரெண்டு கோடு போய்ச் சேரவே இல்ல. எனக்குத் தாங்கல. ஈரத்துணிய எடுத்துட்டு வந்துட்டேன், அழிச்சுட்டு நானே போட்டுரலாம்னு.

அம்மா படியிலேயே உக்காந்துக்கிட்டு, “வை கீழ. அரிசி மாவுடி அது. எறும்பு என்ன கோடு நேரா இருக்கான்னு பாத்தா திங்குது?”ன்னாங்க.

துணிய வச்சுட்டு நானும் பக்கத்துல உக்காந்தேன். சேராத அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான் எறும்பு வரிசையாப் போய்க்கிட்டு இருந்துச்சு...

மணி அடிச்சுட்டீங்களா ஐயா? இன்னும் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேனே... சரி, இருக்கட்டும். வணக்கம்.