எட்டுக்குப் பத்து அறை

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, என் அணித் தோழிகளே, வெள்ளிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸ் நெரிசலைத் தாண்டி வந்து இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் தெலுக் இந்தான்காரி. 1885இல் கட்டிய எங்கள் ஊர்க் கோபுரம் சாய்ந்தபடியேதான் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆகவே ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசுவது எனக்கு ஊர்வழி வந்த குணம். நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'தலைநகருக்கு வரும் இளைஞருக்கு வாழ்க்கையைக் கற்றுத் தருவது வேலையிடமா, வாடகை அறையா?' இதுதான் தலைப்பு. வேலையிடமே என்று எதிரணித் தலைவர் அண்ணன் முழங்கினார். நேரம் தவறாமை, பெரியவர்களிடம் பணிவு, நாலு பேரோடு அனுசரித்து உழைப்பது எல்லாமே அலுவலகம் தந்த பாடம் என்றார். நடுநடுவே மூன்று செய்யுள் வேறு. எனக்குச் செய்யுள் அவ்வளவாக வராது. கைப்பையில் பழைய மின்சார பில் ஒன்று வைத்திருக்கிறேன், அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

2014 தொடக்கத்தில் டிப்ளோமாவை முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து கோலாலம்பூர் வந்தேன். சம்பளம் 1,500 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஊரில் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அதில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 165 வெள்ளி போகும், சொக்சோ காப்புறுதிக்கு 7 வெள்ளி 25 காசு போகும், மீதி 1,327 வெள்ளி 75 காசு. இது அலுவலகம் சொல்லிக் கொடுத்த கணக்கு. சம்பளச் சீட்டில் அச்சடித்தே தந்துவிட்டார்கள், நான் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அறை தேடினேன். 380 வெள்ளி வாடகை. பரவாயில்லையே என்று நினைத்தேன். இரண்டு மாத வாடகை முன்பணம் 760, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாத முன்பணம் 190, முதல் மாத வாடகை 380. கூட்டினால் 1,330. நடுவர் ஐயா, கவனியுங்கள். என் முழு மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தாலும் 2 வெள்ளி 25 காசு துண்டு விழுகிறது. அதுவும் அந்த மாதம் நான் பசியாறாமல், பஸ் ஏறாமல், சோப்புப் போடாமல் இருந்தால்! கடைசியில் அம்மா கூட்டுச் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தார். கூட்டுப் பிடிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, அதனால் எந்தத் தெரு, யார் நடத்தியது என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம்.

அந்த 380 வெள்ளி அறைக்கு வந்து சேர்வதற்குள் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இணையத்தில் அறை விளம்பரங்கள் நிறைய இருந்தன. சிலவற்றில் இந்தியர்களுக்கு இல்லை என்று எழுதியே போட்டிருந்தார்கள். அது ஒரு வகையில் உதவி, போன் காசு மிச்சம். எழுதாதவர்கள்தான் சங்கடம். ஒருவரிடம் மலாயில் பேசினேன். அறை இருக்கிறது, வந்து பாருங்கள், ரயில் நிலையம் பக்கம்தான் என்று அன்பாகச் சொன்னார். கடைசியில் பெயர் கேட்டார், சொன்னேன். "அடடா, நேற்றே ஒருவர் எடுத்துவிட்டார்" என்றார். விளம்பரம் போட்டதே அன்று காலையில்தான்.

சரி, நம்மவர் வீட்டுக்கே போவோம் என்று போனேன். அறை உண்டு. ஆனால் அந்த வீட்டம்மா அப்பா பெயர் கேட்டார், தோட்டத்தின் பெயர் கேட்டார், தேநீர் கொடுத்தார், அதன்பின் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரியே, "அக்கவுண்ட்ஸ் ஆளுங்க ஆண்ட்டி" என்றேன். அந்த அறையும் கிடைக்கவில்லை. மற்றவர் நம்மை ஒதுக்குவதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோமே, இந்தக் கேள்வியைப் பற்றி யார் பேசுவது? நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் இதை யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்க நினைத்திருந்தாலும் மறைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். வாடகை கேட்டுப் போய் நின்றால்தான் உலகம் மேக்கப் கலைந்த முகத்தோடு கதவைத் திறக்கிறது.

அறை கொடுத்தது பத்துமலைப் பக்கம் ஒரு சீனத்து ஆண்ட்டி. இரண்டே கேள்விதான் கேட்டார். "முதல் தேதி வாடகை வருமா? நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிப்பாயா?" முதல் கேள்விக்கு உண்மை சொன்னேன். இரண்டாவதற்குப் பொய் சொன்னேன்.

இப்போது அண்ணன் சொன்ன நேரம் தவறாமைக்கு வருகிறேன். அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனால் என்ன ஆகும்? கொமுட்டர் ரயில் மேல் பழியைப் போடலாம், மேலாளர் முறைப்பார், மதியத்துக்குள் மறந்துவிடுவார். 2014இல் நான் வந்து இறங்கிய கையோடு கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அணையில் நீர் இறங்கிவிட்டது, முறை வைத்துத்தான் குழாயில் தண்ணீர். எங்கள் வீட்டில் நான்கு பெண்கள், ஒரே குளியலறை. தண்ணீர் வருகிற இரவில் வாளியை நிரப்பாமல் தூங்கியவள் மறுநாள் காலை மற்ற மூவர் முகத்தில் விழிக்க வேண்டும். அப்படி நான் ஒரு முறைதான் தூங்கினேன். அதன்பின் இன்றுவரை எந்த வேலைக்கும் எனக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை.

இதோ நான் சொன்ன பில். அந்தக் காலக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 காசு. 300ஐத் தாண்டிவிட்டால் 51.6 காசு. ஏர்கோன் இருந்தது ஒருத்தி அறையில் மட்டும். அவள் சொன்னாள், "நாலாகப் பிரித்துக்கொள்வோம், அதுதான் நியாயம்." மேல்தட்டு விலைக்குப் போனதே உன்னால்தானே என்று நான் கணக்குப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கணக்குச் சரி. ஆனால் அவள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்த தாதி (நர்ஸ்) ஒருத்தி எங்களோடு இருந்தாள், அவள்தான் என்னைக் கூப்பிட்டு, "இதை அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் எல்லாரும் பார்க்க ஒட்டினாய்?" என்றாள். அனுசரித்துப் போவதைப் பற்றி அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பலூன் ஊதி விளையாடியதும் மதியச் சாப்பாட்டில் கோழி நன்றாக இருந்ததும்தான் ஞாபகம்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி வீசினார். "வேலை இல்லாமல் வாடகை எப்படிக் கட்டுவீர்கள்?" கைதட்டலும் வாங்கினார். தம்பி, பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டியது உங்கள் அப்பாதானே? அதற்காக இயற்பியல் பாடம் நடத்தியதும் அவர்தான் என்பீர்களா? வேலையிடம் கட்டணம் கட்டியது, மறுக்கவில்லை. வகுப்பு நடந்தது அறையில்.

அடுத்த ஆண்டு தைப்பூசம், பிப்ரவரி 3. பத்துமலைக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உறவுக்காரர்களுக்குக் கோலாலம்பூரில் திடீரென்று ஒரு சொந்த வீடு முளைத்துவிட்டது! அப்பா, அம்மா, சித்தி குடும்பம், மாமா குடும்பம், மாமாவின் நண்பர், நண்பரின் பால்குடம். எட்டுக்குப் பத்து அறையில் பதினோரு பேர். தலை சாய்க்க இடமில்லாமல் மாமா சமையலறை மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டார். 272 படி ஏறுவதுகூடப் பெரிதில்லை, எங்கள் குளியலறை வரிசையில் நின்று முடிப்பதுதான் நேர்த்திக்கடனாக இருந்தது. சீனத்து ஆண்ட்டி வந்து எட்டிப் பார்த்தார், எண்ணினார், ஒன்றும் சொல்லாமல் ஒரு பை நிறைய ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார். அவர்களுக்குச் சீனப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரிதான் அப்பா என் மேசையில் இருந்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல உன் கம்பெனி பேரு இல்லையேம்மா?" என்றார். கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என் பெயர் போதும் என்றேன். "அப்ப வேலையை விட்டுட்டா?" என்றார். "வாடகை கட்டினா இருக்கலாம்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

நடுவர் ஐயா, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். அப்பா தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். தாத்தா விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். வேலையும் தோட்டத்துடையது, வீடும் தோட்டத்துடையது. தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் முறைத்தால் கூரை போய்விடும் என்று பயந்து பயந்து வாழ்ந்த வாழ்க்கை. தோட்டம் கைமாறி, மரத்தை அழித்து வீடமைப்பு வந்தபோது ஒரே நாளில் இரண்டையும் இழந்த குடும்பங்கள் எத்தனை! எதிரணியினர் சொல்லும் பணிவு இருக்கிறதே, அதை நம் முன்னோருக்கு வேலையிடம் நன்றாகவே கற்றுக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் கற்றுக் கொடுத்தது. வேலை வேறு, நான் படுக்கிற இடம் வேறு என்பதை எங்கள் குடும்பத்தில் முதலில் கற்றுக்கொண்டவள் நான். அந்தப் பாடத்தைத் தந்தது 380 வெள்ளி அறை. முதலாளியிடம் "இது சரியில்லை சார்" என்று ஒருநாள் என்னால் சொல்ல முடிந்தது என்றால், சாயங்காலம் போய்த் திறக்க என் கையில் ஒரு சாவி இருந்தது என்பதால்தான்.

எல்லா வீட்டுக்காரரும் அந்த ஆண்ட்டி மாதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதாக நான் குடிபோன வீட்டில், காலி செய்தபோது சுவரில் ஆணி ஓட்டை என்று முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். நான் போகுமுன்பே அங்கிருந்த ஆணி. முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நல்லவேளை, என் ஒப்பந்தத்துக்கு முத்திரை இருந்தது. 5,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையை வழக்கறிஞர் வைக்காமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும் தெரிந்துகொண்டேன். போகவில்லை. போவேன் என்று கடிதம் எழுதினேன், அதுவே போதுமாக இருந்தது. அதன்பின் அலுவலகத்தில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கடைசி வரிவரை படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. 'நீ ரொம்பக் கவனமான ஆள்' என்று மேலாளர் பாராட்டினார். பாராட்டு அவருடையது, படிப்பு எங்கே படித்தது?

இன்னும் ஒன்று. 2020 மார்ச் 18. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. எங்கள் அலுவலகத்தைப் பூட்டினார்கள். எதிரணியின் வாத்தியார் விடுமுறையில் போய்விட்டார் ஐயா! எங்கள் வகுப்பு நடந்துகொண்டேதான் இருந்தது. கிளந்தான் தாதியும் நானும் அப்போதும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், வேறு வீடு மாறியும் சேர்ந்தே மாறியிருந்தோம். அவள் மட்டும் தினமும் வேலைக்குப் போவாள். அவள் வாசலில் கால் வைக்குமுன் சோப்புத் தண்ணீர் வாளி, மாற்றுத் துணி, அறை வாசலில் மூடி வைத்த சாப்பாடு. அந்த நோன்பு மாதத்தில் அதிகாலைச் சாப்பாட்டுக்கு அவளை எழுப்பியது நான். பெருநாளுக்கு மாநிலம் கடந்து போக அனுமதியில்லை. அவள் ஊரில் அம்மாவோடு வீடியோவில் பேசி முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது, நான் ரெண்டாங் செய்கிறேன் என்று தொடங்கிச் சொதியில் போய் முடித்திருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு, "இது என்னவென்று தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் போடு" என்றாள்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிடம் ஐயா.

நீங்கள் தொடக்க உரையில், தைப்பிங்கிலிருந்து வந்து இதே பிரிக்பீல்ட்ஸில் கடை வீட்டு மாடியில் தங்கியதைச் சொன்னீர்கள். மாத வாடகை 60 வெள்ளி, பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை, கீழே மாவு அரைக்கும் சத்தம், மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும் என்பதுவரை சொன்னீர்கள். ஏழு நிமிடம் பேசினீர்கள், நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரணி அண்ணன் வேண்டுமானால் இப்போது கேட்டுக்கொள்ளட்டும்.

தீர்ப்பு வரும்வரை உட்கார்ந்திருக்க ஆசைதான். ஆனால் இன்று வீட்டுச் சாவி என்னிடம். தாதியின் வேலை பத்து மணிக்கு முடிகிறது, நான் போகாவிட்டால் அவள் வாசலில் நிற்பாள். வணக்கம்.