எரித்தது போக மிஞ்சியது

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டரின் நாவல்களைப் பற்றிப் பேசப்போவதில்லை, அவர் விட்டுப்போன காகிதங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. பூட்டு வைத்த தடித்த புத்தகம். 1909இல் தொடங்கி 1967 வரை அதில் எழுதியிருக்கிறார். பூட்டு எதற்கு என்று கேட்கவே வேண்டாம், அவர் ஆண்களை நேசித்தவர். அதே காரணத்துக்காக எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பியபோது ஃபார்ஸ்டருக்கு 16 வயது, ஆணை நேசிக்கும் ஆணைக் குற்றவாளியாகப் பார்த்த அந்தச் சட்டம் இங்கிலாந்தில் தளர்ந்தபோது 88 வயது. ஆக, வாழ்நாள் முழுக்கவே அந்தப் பயம்தான்.

1924இல் ‘எ பாசேஜ் டு இந்தியா’ என்ற அவருடைய இந்திய நாவல் வந்தது, அதற்குப் பிறகு 46 வருஷம் உயிரோடு இருந்தும் இன்னொரு நாவலை அவர் வெளியிடவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே மனசு பொறுக்காது, ஏனென்றால் 1911லேயே, எழுத அனுமதி இருப்பது ஆண் பெண் காதலைப் பற்றி மட்டும்தான், அது சலித்துவிட்டது என்று நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறார். 1913-14இல் ‘மாரிஸ்’ எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்து, கடைசியில் சேர்ந்து வாழப்போகும் கதை. நம்பிக்கையான நண்பர்களுக்கு மட்டும் தட்டச்சுப் பிரதியைப் படிக்கக் கொடுத்தார், அப்புறம் திருத்தினார், மறுபடி உள்ளே வைத்தார். புத்தகமாக வந்தது 1971இல், அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து.

1922க்கு வருகிறேன், அந்த வருஷத்தைத்தான் சொல்லியாக வேண்டும். ஏப்ரலில், ஆபாசம் என்று தானே பெயர் வைத்த தன் கதைகளை, அடுப்பு தாங்குகிற மட்டும் போட்டு எரித்தார். மே மாதம் முகமது எல் அடில் இறந்துபோனார். முதல் உலகப்போர் சமயத்தில் ஃபார்ஸ்டர் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் வேலை பார்த்தபோது பழக்கமான டிராம் கண்டக்டர், இவர் மனதாரக் காதலித்த மனிதர். முகமதுக்குக் கல்யாணம் ஆகி, பிறந்த மகனுக்கு ‘மார்கன்’ என்று பெயர் வைத்தார். அது ஃபார்ஸ்டரை வேண்டியவர்கள் கூப்பிடும் பெயர். காசநோய்தான் முகமதைக் கொண்டுபோனது.

நான்கு மாதத்துக்கு முன்னால் தன் எழுத்தைத் தானே எரித்த அதே கை, ஆகஸ்டில் ஒரு நோட்டை எடுத்து, செத்துப்போனவருக்குக் கடிதம் எழுத ஆரம்பிக்கிறது! யாரிடம் அனுப்ப, எந்த விலாசத்துக்கு அனுப்ப? ஆனாலும் விட்டு விட்டு 1929 வரை எழுதினார். அதோடு முகமது எழுதிய கடிதங்களை எடுத்து வைத்து, அவற்றில் வேண்டிய பகுதிகளை வரி வரியாகத் தன் கையெழுத்திலேயே பார்த்து எழுதிக்கொண்டார்.